மணத்தக்காளிக்குப் பங்காளி

அண்ணன்: …இல்ல சிஸ்டர், மணத்தக்காளி இல்ல. அது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டு காடு சுத்தறவன் நான்.

செவிலி: உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லல ஐயா. ஒண்ணொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். விஷப் பழங்களோட படப் புஸ்தகம் என் முன்னாடி விரிச்சு வச்சிருக்கேன். நீங்க சொல்லச் சொல்ல நான் பக்கம் புரட்டறேன், அவ்வளவுதான். பழம் கொத்தா இருக்கா, ஒத்தையா?

அண்ணன்: ஒத்தை. இலைக்கு ஒண்ணா, ஒளிஞ்சு உக்காந்திருக்கு.

தம்பி: கோலிக்குண்டு அளவுன்னு சொல்லுண்ணே.

அண்ணன்: சொல்றேன்டா, இரு. கோலிக்குண்டு அளவு சிஸ்டர். கறுப்பு. கறுப்புன்னா எண்ணெய் தேச்சு விட்ட மாதிரி மின்னுது. உத்துப் பாத்தா என் மூஞ்சி தெரியுது.

தம்பி: உன் மூஞ்சியைப் பாத்துத்தான் பழம் கறுத்திருக்கும்.

அண்ணன்: வாயை மூடுடா! …உங்களை இல்ல சிஸ்டர். தம்பியைச் சொன்னேன்.

செவிலி: கூட தம்பி இருக்காரா?

அண்ணன்: அவன்தானே தின்னது! அதுக்குத்தானே போன் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போட்டா, இந்த நம்பர்ல விஷத்தைப் பத்திச் சொல்ற சிஸ்டர் இருப்பாங்கன்னு குடுத்தாங்க.

செவிலி: சரி, நான்தான் அது. பயப்படாதீங்க. அவர் எத்தனை பழம் தின்னார்?

அண்ணன்: எத்தனைடா?

தம்பி: எவன் எண்ணினான்? நடந்த களைப்பு, தண்ணி வேற தீந்து போச்சு. உருவி உருவி வாயில போட்டேன்.

அண்ணன்: எண்ணலயாம். ஒரு கைப்பிடி இருக்கும் சிஸ்டர்.

செவிலி: எவ்வளவு நேரம் ஆச்சு?

அண்ணன்: சூரியன் நடுமண்டையில இருந்தப்ப. ஒண்ணரை மணி நேரம்… ரெண்டு இருக்கலாம்.

செவிலி: பழத்துக்குப் பின்னாடி, காம்பு சேர்ற இடத்துல, பச்சையா நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருக்கா? கத்தரிக்காய்க்குத் தொப்பி இருக்குமே, அது மாதிரி?

அண்ணன்: இருக்கு. அஞ்சு மூலை. தொப்பி தலையில இல்லாம பின்னாடி பாய் விரிச்ச மாதிரி கெடக்கு.

செவிலி: ஒண்ணை நசுக்கிப் பாருங்க. வாயில வைக்காதீங்க. விரலாலதான்.

அண்ணன்: நசுக்கிட்டேன். மை மாதிரி சாறு. உள்ள பொடிப் பொடியா விதை. ஏகப்பட்டது.

செவிலி: ருசி எப்படி இருந்துச்சாம்?

அண்ணன்: இனிப்பு. முதல்ல இனிப்பு, அப்புறம் நாக்கு லேசா மரத்துப் போற மாதிரி…

செவிலி: அவர் சொன்னாரா?

அண்ணன்: ஆங்?

செவிலி: ருசியை யார் சொன்னதுன்னு கேட்டேன்.

அண்ணன்: அவன்தான். நான் எதுக்குத் தின்னப் போறேன்? என்ன பழம் சிஸ்டர் அது? பேரைச் சொல்லுங்க முதல்ல.

செவிலி: கண்டுபிடிச்சுட்டேன். நம்ம பேச்சுல இதுக்குப் பேரே இல்ல ஐயா. இந்தப் பக்கத்துக் காட்டுல இதுவரைக்கும் யாரும் பாத்ததாகவும் எழுதல. மணத்தக்காளிக்குப் பங்காளின்னு வச்சுக்குங்களேன். ஒரே குடும்பம்தான். அது வாய்ப்புண்ணை ஆத்தும். இது ஆளையே…

அண்ணன்: ஆளையே?

செவிலி: ஆளைப் படுத்தி எடுத்துடும். மாத்து மருந்து இருக்கு, ஊசி. நேரத்தோட வந்துட்டா ஒண்ணும் ஆகாது.

தம்பி: பங்காளியாம்ல. கேட்டியாண்ணே? ஒரே குடும்பத்துல ஒண்ணு மருந்து, ஒண்ணு விஷம். நம்ம ரெண்டு பேருல யாரு எது?

அண்ணன்: சிரிக்காதடா. விளையாட்டு இல்ல இது.

செவிலி: அவர் சிரிக்கிறாரா?

அண்ணன்: இவன் எதுக்குத்தான் சிரிக்கல? மரத்துல சாஞ்சு காலை நீட்டி உக்காந்துக்கிட்டு என்னையே பாத்து இளிக்கிறான்.

செவிலி: போனை அவர்கிட்ட குடுங்க. நானே ரெண்டு வார்த்தை பேசறேன்.

அண்ணன்: இந்தாடா. ஒழுங்கா பதில் சொல்லு.

தம்பி: வணக்கம் சிஸ்டர். எனக்கு ஒரு கேடும் இல்ல. இவருக்குத்தான் எப்பவும் படபடப்பு.

செவிலி: ஹலோ… ஹலோ. தம்பி, கேக்குதா?

தம்பி: நல்லா கேக்குதே. உங்க ரூம்ல ஃபேன் கடகடன்னு ஆடற சத்தம்கூட கேக்குது.

செவிலி: ஹலோ…

தம்பி: பழம் நல்ல இனிப்பு சிஸ்டர். நீங்களும் ஒரு நாள் வாங்க.

செவிலி: …

அண்ணன்: பேசிட்டான். கேட்டுச்சா?

செவிலி: …

அண்ணன்: சிஸ்டர்? லைன்ல இருக்கீங்களா?

செவிலி: இருக்கேன் ஐயா. கேட்டுச்சு.

அண்ணன்: நல்லாத்தானே பேசறான்?

செவிலி: நல்லா… பேசறார். இப்ப உங்களை ரெண்டு கேள்வி கேக்கறேன்.

அண்ணன்: என்னை எதுக்கு? நான் தின்னலன்னு சொன்னேனே.

செவிலி: தெரியும். கூட இருக்கறவங்களையும் விசாரிக்கணும்னு எங்களுக்கு உத்தரவு. வாய் காயுதா?

அண்ணன்: காயாம? வெயில்ல நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன். நாக்கு அட்டை மாதிரி ஒட்டுது மேல.

செவிலி: தோட்டா டப்பா கையில இருக்கா? அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

அண்ணன்: அது… வெளிச்சம் ஜாஸ்தி. கண்ணு கூசுது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி… அட, எறும்புதான் போல. தட்டித் தட்டி விடறேன், போக மாட்டேங்குது.

செவிலி: படிக்க வேணாம், விடுங்க. எந்த இடத்துல இருக்கீங்க?

அண்ணன்: எங்க பாறையில.

செவிலி: எந்தப் பாறை?

அண்ணன்: நானும் அவனும் சின்ன வயசுல கண்டுபிடிச்ச பாறை. ஓடையைத் தாண்டி மேல ஏறணும். மத்தவங்களுக்கு வழி சொன்னாப் புரியாது. எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

செவிலி: உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தானா? வீட்டுல வேற யாருக்குமே தெரியாதா?

அண்ணன்: என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

செவிலி: அவங்க நம்பரைச் சொல்லுங்க. மனப்பாடமா இருக்கா?

அண்ணன்: அது இல்லாம? அவகிட்ட தம்பி சமாச்சாரத்தைச் சொல்லிடாதீங்க, ஆடிப் போயிடுவா. எழுதிக்குங்க…

செவிலி: எழுதிக்கிட்டேன். ஐயா, அஞ்சு நிமிஷம். போனை வைக்காதீங்க, கையிலயே பிடிச்சிருங்க. பக்கத்து மேஜையில ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லி ஆளை அனுப்ப ஏற்பாடு பண்ணிட்டு வர்றேன். அந்தப் பழத்தை நீங்களும் தொடக் கூடாது, அவரும் தொடக் கூடாது.

அண்ணன்: சரி.

தம்பி: போயிட்டாளா?

அண்ணன்: வருவாங்க. மரியாதையாப் பேசுடா.

தம்பி: நல்ல குரல். அம்மா மாதிரி. கோவத்தை அடக்கிக்கிட்டுப் பேசுவாளே, அந்த மாதிரி.

அண்ணன்: ம்.

தம்பி: என்ன ம்? என்னையே ஏன் அப்படிப் பாக்கறே?

அண்ணன்: உனக்கு ஒரு முடிகூட நரைக்கலயேடா.

தம்பி: ஏன் நரைக்கணும்?

அண்ணன்: எனக்குப் பாரு, பஞ்சு மாதிரி. லேத் பட்டறையில இரும்புத் தூளோட சேந்து நிக்கறப்ப தலை எது, தூள் எதுன்னு தெரியாது. உன்னைவிட நான் நாலு வருஷம்தானே பெரியவன்.

தம்பி: கவலைப்படறவனுக்கு நரைக்கும்.

அண்ணன்: அந்த நீலக்கட்டம் போட்ட சட்டையை இன்னுமா வச்சிருக்கே?

தம்பி: நாம கடைசியா பேசினப்ப இதுதானே போட்டிருந்தேன்.

அண்ணன்: ஆமா… இதுதான். இவ்வளவு வெயில்ல உனக்கு வேர்க்கவே இல்ல.

தம்பி: நிழல்ல உக்காந்திருக்கேன்ல.

அண்ணன்: நிழல் இந்தப் பக்கம்தானே விழுது?

தம்பி: அதெல்லாம் எதுக்கு உனக்கு? தாகமா இருக்குன்னியே. இன்னும் ரெண்டு பழம் தின்னு.

அண்ணன்: சிஸ்டர் கூடாதுன்னாங்க.

தம்பி: எவளோ எங்கயோ உக்காந்துக்கிட்டு சொல்றா. நான் தின்னுட்டு நல்லாத்தானே இருக்கேன்? எடுண்ணே. பின்னாடி பாரு, அவங்கள்லாம்கூடத் தின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க.

அண்ணன்: எவங்க?

தம்பி: மரத்துக்குப் பின்னாடி. நாலஞ்சு பேர். திரும்பித் திரும்பிப் பாக்காத, வெக்கப்படுவாங்க.

அண்ணன்: யாருடா அவங்க? எதுக்கு நம்மளையே பாத்துக்கிட்டு…

செவிலி: ஐயா! ஐயா, நான் வந்துட்டேன். யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?

அண்ணன்: சிஸ்டர்… இங்க இன்னும் ஆளுங்க இருக்காங்க.

செவிலி: எத்தனை பேர்?

அண்ணன்: எண்ண முடியல. ஒருத்தன் மேல ஒருத்தன் நிக்கறான். தம்பி பழம் தின்னச் சொல்றான்.

செவிலி: தின்னீங்களா?

அண்ணன்: கையில இருக்கு.

செவிலி: தூக்கிப் போடுங்க. இப்பவே. கண்காணாத தூரத்துக்கு.

அண்ணன்: …போட்டுட்டேன்.

தம்பி: சொன்ன பேச்சைக் கேக்கற நல்ல பிள்ளை.

செவிலி: இப்ப நான் சொல்றதைக் கவனமா கேளுங்க. ஆளுங்க கிளம்பிட்டாங்க. ரெண்டு வனக்காவலர், கூட வழி தெரிஞ்ச ஒருத்தர்.

அண்ணன்: வழி தெரிஞ்சவரா? யாரு? வழி எங்களுக்கு மட்டும்தானே…

செவிலி: கண்டுபிடிச்சுட்டோம் ஐயா. அவங்க வர்றதுக்குள்ள ஒரு வேலை. துப்பாக்கி எங்க இருக்கு?

அண்ணன்: தம்பி மடியில.

செவிலி: …உங்க கையை நீட்டினா எட்டுமா?

அண்ணன்: எட்டும். இதோ. ஆமா, இங்கதான் என் கால்கிட்ட கெடக்குது. இப்பத்தான் அவன் மடியில பாத்தேன்.

செவிலி: என்ன துப்பாக்கி?

அண்ணன்: ரெட்டைக்குழல். ரெண்டு தோட்டா உள்ள இருக்கு. காலையிலேருந்து ஒரு கவுதாரிகூட மாட்டல.

செவிலி: நடுவுல மடக்கி ரெண்டு தோட்டாவையும் எடுத்துடுங்க. சத்தம் எனக்குக் கேக்கணும்.

அண்ணன்: மடக்கிட்டேன். கேட்டுச்சா?

செவிலி: கேட்டுச்சு. எடுங்க.

அண்ணன்: ஒண்ணு எடுத்துட்டேன். விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, சனியன்.

செவிலி: இன்னொண்ணு?

தம்பி: அதை நான் எடுத்துட்டேன்னு சொல்லு.

அண்ணன்: இன்னொண்ணை தம்பி எடுத்துட்டான்.

செவிலி: அவர் எடுத்ததை நீங்க பாத்தீங்களா?

அண்ணன்: அவன் கையிலதான் இருக்கு. உருட்டி விளையாடறான்.

செவிலி: குழல்ல விரலை விட்டு ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்களேன்.

அண்ணன்: எதுக்கு?

செவிலி: சும்மா, எனக்காக.

அண்ணன்: தம்பி எடுத்துட்டேன்னு சொல்றான், நான் சோதிச்சுப் பாக்கறதா? நீங்க என்ன ஆளு சிஸ்டர்? பதினோரு வருஷம் கழிச்சு என் பக்கத்துல வந்து உக்காந்திருக்கான். வந்த அன்னைக்கே அவனைச் சந்தேகப்படச் சொல்றீங்களா? முடியாது. மூடிட்டேன் துப்பாக்கியை.

செவிலி: சரி, சரி. கோவப்படாதீங்க. கீழ வச்சிடுங்க. பதினோரு வருஷமாவா அவர் பேசல? சொல்ல வேணாம்னா விடுங்க.

அண்ணன்: சொல்லக் கூடாதுன்னு இல்ல. சட்டையில நூல் பிரிஞ்சு வருது, அதை இழுத்துக்கிட்டிருக்கேன். இழுக்க இழுக்க வருது. எவ்வளவு நீளம் பாருங்க.

செவிலி: கையை மடியில வச்சுக்குங்க. நூல் கெடக்கட்டும். தம்பி ஏன் பேசல?

அண்ணன்: எங்க அம்மா சாகக் கெடந்தப்ப நான் இவனுக்குச் சொல்லி அனுப்பல சிஸ்டர். அவன் வந்தப்ப எல்லாம் முடிஞ்சு வாசல்ல நாற்காலி அடுக்கிக்கிட்டிருந்தாங்க. அத்தனை பேர் முன்னாடி, இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டுப் போனான். போனவன்தான். அவன் வேலை பாக்கற மர மில் இந்தக் காட்டு அடிவாரத்துலதான் இருக்கு. அந்த வழியாத்தான் நான் வருவேன். பாத்தும் பாக்காத மாதிரி திரும்பிக்குவான்.

செவிலி: சொல்லி அனுப்ப நேரம் இல்லாம போச்சா?

அண்ணன்: எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.

தம்பி: நிஜத்தைச் சொல்லேன். நான் கோவிச்சுக்க மாட்டேன்.

அண்ணன்: கோவிச்சுக்க மாட்டியா?

தம்பி: மாட்டேன்.

அண்ணன்: ரெண்டு நாள் இருந்துச்சுடா. முழுசா ரெண்டு நாள். அம்மா உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா. நான் ராத்திரி பகல் முழிச்சு கால் அமுக்கி விடறேன், என் பேரு வாயில வரல. சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானான்னு… எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. போனைக் கையில எடுப்பேன், வச்சிடுவேன். நாளைக்குப் பண்ணலாம்னு. அவ கண்ணை மூடி, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் உன் நம்பரை அமுக்கினேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிகிட்டகூட.

தம்பி: அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன்.

அண்ணன்: மறந்துட்டியா?

தம்பி: எப்பவோ. நீதான் தூக்கிச் சுமந்துக்கிட்டு அலையறே.

அண்ணன்: கேட்டீங்களா சிஸ்டர்? மறந்துட்டானாம்! இவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தைக்குப் பதினோரு வருஷம்…

செவிலி: கேட்டேன் ஐயா. நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன்.

அண்ணன்: சத்தம் போடாதீங்க.

செவிலி: என்ன?

அண்ணன்: ஷ்ஷ்… கீழ, ஓடைப் பக்கம். புதர் அசையுது.

தம்பி: பன்னி.

அண்ணன்: பன்னிதான். மேல ஏறி வருது.

செவிலி: ஐயா, துப்பாக்கியைத் தொடாதீங்க.

தம்பி: பெருசு ஒண்ணு முன்னாடி. பின்னாடி ரெண்டு. காலையிலேருந்து வெறுங்கை, இப்ப தேடி வருது. விட்டுடாதேண்ணே.

அண்ணன்: வெறுங்கையோடயா வீட்டுக்குப் போறது?

செவிலி: அது பன்னி இல்ல. ஆளுங்க. நான் அனுப்பின ஆளுங்க.

தம்பி: பொய் சொல்றா. ஆளுன்னா குரல் குடுக்க மாட்டானா?

அண்ணன்: ஆளா இருந்தா குரல் குடுப்பாங்களே. உறுமல்தான் கேக்குது.

செவிலி: மூச்சு வாங்க ஓடி வர்றாங்க. கூப்பிட்டுக்கிட்டேதான் வர்றாங்க. உங்க காதுக்கு அப்படிக் கேக்குது. அது பழத்தோட வேலை.

அண்ணன்: பழத்தைத் தின்னது அவன். என் காதுக்கு என்ன?

தம்பி: தோள்ல வை. நல்லா அழுத்தி வை. குழல் ஆடினா நான் பிடிச்சுக்கறேன்.

அண்ணன்: வச்சுட்டேன்.

செவிலி: ஐயா! நான் ஒரு நிஜத்தைச் சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க அங்கேருந்து எழுந்து ஓடிடுவீங்களோன்னுதான் சொல்லல. நீங்க போனைத் தம்பிகிட்ட குடுத்தீங்களே, அப்ப எனக்கு எதுவுமே கேக்கல. காத்து மட்டும்தான் வந்துச்சு. இந்த அரை மணி நேரமா உங்க பக்கத்துலேருந்து நான் கேட்ட குரல் ஒண்ணுதான். உங்க குரல். உங்க வீட்டுக்காரம்மாகிட்ட பேசினேன். காலையில நீங்க தனியா கிளம்பினதாச் சொன்னாங்க.

தம்பி: பன்னி பக்கத்துல வந்துடுச்சு. பேச்சு எதுக்கு இப்ப?

செவிலி: உங்க தம்பி மில்லுல இருந்தார். போன் பண்ணினோம். அந்தப் பாறைக்கு வழி தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தானே? போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கார். அந்தப் புதர்ல முன்னாடி வர்றது அவர்தான் ஐயா.

அண்ணன்: என் தம்பி இதோ உக்காந்திருக்கான்.

செவிலி: அவர் கையைத் தொடுங்க.

அண்ணன்: வேணாம்.

செவிலி: எட்டற தூரம்தானே? தொட்டுப் பாருங்க. தொட்டு, இருக்கார்னு சொல்லுங்க, நான் நம்பறேன்.

அண்ணன்: தொட மாட்டேன்.

செவிலி: அண்ணே. ஏன்ணே?

அண்ணன்: தொட்டா இருக்க மாட்டான். தெரியும் சிஸ்டர். முழுசா தெரியலன்னாலும், உள்ளுக்குள்ள ஒரு மூலையில தெரிஞ்சுதான் இருந்துச்சு. பழத்தைத் தின்னது நான்தான். கொஞ்ச நேரத்துல இவன் அந்த மரத்துக்கிட்ட உக்காந்துக்கிட்டு, என்னண்ணே எப்படி இருக்கேன்னான். நான் தின்னேன்னு உங்ககிட்ட சொல்லிட்டா இவன் எழுந்து போயிடுவானோன்னு… அவன் தின்னான்னே சொல்லிட்டேன்.

தம்பி: சொல்லிட்டியே.

அண்ணன்: டேய்… இருடா.

தம்பி: …

செவிலி: துப்பாக்கியை மடக்குங்கண்ணே. இன்னொரு தோட்டா குழல்லதான் இருக்கு. உங்க விரலால எடுங்க.

அண்ணன்: வழுக்குது.

செவிலி: மெதுவா. அவசரம் இல்ல. நான் இருக்கேன்.

அண்ணன்: …வந்துடுச்சு. குழல்லதான் இருந்துச்சு. எடுத்துட்டேன்னானே, பாவி…

செவிலி: ரெண்டையும் தூரமா எறிஞ்சிடுங்க.

அண்ணன்: எறிஞ்சுட்டேன். சிஸ்டர், ஒரு பன்னி எழுந்து நிக்குது. ரெண்டு காலால.

வந்தவர்: அண்ணே! சுட்டுடாதே, நான்தான்! உன் தம்பிதான்… அண்ணே!

அண்ணன்: யாருய்யா நீ?

வந்தவர்: என்னைப் பாரு. மூஞ்சியைப் பாருண்ணே. எரியுது உடம்பு, நெருப்பா. ஏம்ப்பா, தண்ணியைக் கொண்டாங்க. அந்தத் துப்பாக்கியை எடுத்து அப்பால வைங்க.

அண்ணன்: நரைச்ச ஆளு. எனக்கு உங்களைத் தெரியாது. கையை விடுங்க. தம்பி ஒருத்தன் அங்க உக்காந்திருக்கான், முதல்ல அவனைக் கூட்டிட்டுப் போங்க. அவன்தான் பழம் தின்னான்… இல்ல, நான்தான். அவன் பேச மாட்டேங்கறான் இப்ப. நான் சொன்னது அவனுக்குப் பிடிக்கல.

வந்தவர்: அண்ணே, நான்தான்ணே அது…

அண்ணன்: டேய், ஏன்டா பேச மாட்டேங்கற? மறந்துட்டேன்னு இன்னொரு தடவை சொல்லுடா.

செவிலி: ஹலோ? போனை யாராவது எடுங்க. ஹலோ!

வந்தவர்: சொல்லுங்க சிஸ்டர். நான் தம்பி. நிஜத் தம்பி.

செவிலி: அப்பாடா… கேக்குது. நல்லா கேக்குது உங்க குரல். எல்லாரும் பத்திரமா?

வந்தவர்: பத்திரம். என் நெஞ்சுக்கு நேரா குழலைப் பாத்தேன். நீங்கதான் இறக்க வச்சீங்க.

செவிலி: அவராத்தான் இறக்கினார். இப்ப அவரை நிழலுக்கு நகத்துங்க. தலையை ஈரத்துணியால துடைங்க. வாயில எதுவும் குடுக்காதீங்க, பிடிச்சு அமுக்காதீங்க. மிச்சம் இருக்கற பழத்தை இலையோட ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட குடுங்க. மாத்து மருந்து எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்.

வந்தவர்: வனக்காவலருங்க தூக்கிட்டுப் போக மூங்கில் வெட்டிக்கிட்டிருக்காங்க. பிழைச்சுக்குவாரா?

செவிலி: பிழைச்சுக்குவார். நாளைக்கோ மறுநாளோ தெளிஞ்சுடும். இன்னைக்குப் பேசினது பாதி ஞாபகம் இருக்காது. ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. அவர் எப்படி இருக்கார்னு நீங்க கேட்டுக்கிட்டே வரணும்னுதான், அவருக்குக் கேக்காத மாதிரி உங்க போனையும் இந்த லைன்லயே சேத்து விட்டேன். அவர் அப்படியெல்லாம் பேசுவார்னு எனக்குத் தெரியாது. அம்மாவைப் பத்தி அவர் சொன்னது… அது உங்க காதுலயும் விழுந்திருக்கும். மன்னிச்சுக்குங்க.

வந்தவர்: விழுந்துச்சு. ஓடையைத் தாண்டறப்ப.

செவிலி: அவர் மேல கோவப்படாதீங்க. உடம்பு தேறட்டும்.

வந்தவர்: கோவப்பட எனக்கு எங்க சிஸ்டர் வாய் இருக்கு? அம்மாவுக்கு மருந்து குடுத்த கடைக்காரர் அந்த முதல் நாளே மில்லுக்கு வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போனார். ரெண்டு நாள்கூடத் தாங்காது, ஓடுன்னார். அண்ணன் வாயாலயே கூப்பிடட்டும்னு வீம்புல உக்காந்துட்டேன் நான். அப்புறம் அத்தனை பேர் முன்னாடி பழியைத் தூக்கி அவர் தலையில போட்டுட்டேன்… அதோ, இன்னமும் அந்த மரத்தைப் பாத்துத்தான் கேட்டுக்கிட்டிருக்கார், பேசுடா, பேசுடான்னு. நான் போனை வைக்கறேன் சிஸ்டர். அந்த மரத்துக்கிட்ட போய் உக்காந்துக்கறேன்.